லீவு நாள் டூட்டி

ஜூன் மாதக் கடைசியில் ஆபீஸ் ஷட்டரை இழுத்துப் பூட்டுகிற அன்று அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மாதம் ஓய்வு கிடைத்த மனுஷியின் முகமாகவா இருக்கும்? பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வாசலில் நிற்கிறவர் முகம்தான். பூட்டை இழுத்துப் பார்ப்பார். நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். பிறகு என்னையும் சுக்லாவையும் கொட்டுகிற மழையில் ஒரே குடைக்குள் நிறுத்திவைத்து, வருஷா வருஷம் சொல்கிறதைச் சொல்வார்.

“லீவு ஒடம்புக்கு மட்டுந்தான். வாய்க்கும் வெரலுக்கும் லீவு கெடையாது. வெளங்குச்சா?”

விளங்கியது என்று இருவரும் தலையாட்டுவோம். சுக்லா பெங்காலிப் பெண், கவுண்டரில் டிக்கெட் போடுகிறவள். தமிழ் அவளுக்கு அரைகுறைதான். இந்த வாக்கியம் மட்டும் மனப்பாடம்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட நாலு வயது மூத்த முதலாளி. போர்ட் பிளேரில் ஜெட்டிக்குப் போகிற சாலையில் ஒரு சின்ன டிராவல் ஆபீஸ் வைத்திருந்தார். ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் படகு டிக்கெட், தங்க ரூம், ஊர் சுற்ற ஜீப், எல்லாம் எங்களிடம். ஜூலையில் கடல் கொந்தளிக்கும், படகுகள் திடீர் திடீரென்று கேன்சல் ஆகும், சுற்றுலாக்காரர்கள் எண்ணி நாலு பேர்தான் வருவார்கள். அதனால் ஒரு மாதம் மூடிவிடுவோம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது படித்துவிட்டு, “என்னைக் கேட்டா எழுதுன?” என்று சண்டைக்கு வருவார். வரட்டும் என்றுகூட இருக்கிறது. ஆனாலும் வேண்டாம்.

அவருடைய லீவு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். குட்வில் எஸ்டேட் பகுதியில் அவர் வீடு. காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஆபீசுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, வாட்ச் போட்டு, ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். கணவர் கப்பலில் வேலை. வீட்டில் இருக்கிற நாளைவிடக் கடலில் இருக்கிற நாள்தான் அதிகம். மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். அந்தத் தனி வீட்டில், பழைய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் போன் நம்பர்களை எழுதுவார். பார்த்து எழுதுவதில்லை. ஜெட்டி கவுண்டர், ஹேவ்லாக் ஜீப்காரர், நீல் ஆஸ்பத்திரி, இப்படி ஐம்பது அறுபது நம்பர் மனப்பாடமாக. ஒன்று தப்பினால் முதலிலிருந்து எழுதுவார். எல்லா நம்பரும் போனுக்குள்ளேயே இருக்கிறதே, இது எதற்கு அக்கா என்று ஒரு தடவை கேட்டேன்.

“போன் தண்ணியில விழுந்தா?” என்றார்.

நான் அடுத்த தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.

ஒரு லீவில் அவர் நாத்தனார் மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. வந்த பிள்ளைகளை வாசலில் வரிசையாக நிற்கவைத்து, பெயர், வயது, அப்பா போன் நம்பர் என்று படகில் ஏறுகிறவர்களுக்கு எழுதுகிற லிஸ்ட் மாதிரியே எழுதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார். ஒரு பிள்ளை அப்பா நம்பர் தெரியாமல் அழுதுவிட்டது. நாத்தனார் ஒரு வாரம் பேசவில்லை. “பதினாலு பிள்ளை உள்ள போச்சு, பதினாலு பிள்ளை வெளிய வந்துச்சு. கேக்கு வெட்டுனவங்க யாராவது எண்ணுனாங்களா?” என்று அக்கா எங்களிடம் நியாயம் கேட்டார். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

சிரிக்க முடியாதது போன் விஷயம்.

லீவு மாதம் முழுக்க, காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒன்று வரை, எந்த நேரமும் எனக்கோ சுக்லாவுக்கோ அழைப்பு வரும். சில நாள் அவர் நம்பரிலிருந்தே வரும். சில நாள் பக்கத்து வீட்டம்மா போனிலிருந்து வரும். பேசுகிறது அக்காதான். ஆனால் அக்கா குரலில் இல்லை. ஒரு நாள் டெல்லிப் புதுப்பெண்ணாகி, ரூமில் பல்லி இருக்கிறது என்று இந்தியில் அழுவார். மறுநாள் கல்கத்தா தாத்தாவாகி, செவ்வாய்க்கிழமை கடல் கேன்சல் ஆகுமா என்று கேட்பார். கோயம்புத்தூர் அம்மா ஒருத்தி உண்டு, வெங்காயம் போடாத சாப்பாடு நீலில் கிடைக்குமா என்று உயிரை எடுப்பாள். நாங்கள் ஆபீசில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது ரிங்குக்குள் எடுக்க வேண்டும். என்ன நடந்தாலும் “அக்கா, நீங்கதானே?” என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் பூஜ்யம். பத்துக்கு இத்தனை என்று ஒரு நீள நோட்டில் மார்க் போட்டு, ஆபீஸ் திறக்கிற அன்று வாசித்துக் காட்டுவார்.

எனக்கு அப்போது முப்பது வயது, கல்யாணமான ஆள். மீன் குழம்பு கொதிக்கிற நேரத்தில் பல்லிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு நிற்பது எவ்வளவு கடுப்பாக இருக்கும். லீவு கொடுத்த மாதிரியும் இருக்கிறது, கொடுக்காத மாதிரியும் இருக்கிறது என்று மனைவியிடம் புலம்புவேன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகஸ்டில் ஆபீஸ் திறந்ததும் மற்ற ஏஜென்ட்டுகள் எல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டு பழைய நேரங்களைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் முதல் அழைப்பிலேயே சூடாக இருப்போம். என் குரலைப் பற்றி கஸ்டமர்கள் தனியாகச் சொல்வார்கள். உங்களிடம் பேசினாலே பாதிக் கவலை போய்விடுகிறது என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எதற்காக இந்தப் பிடிவாதம் என்று ஒரே ஒரு முறைதான் சொன்னார். அவர் தெற்கே தள்ளி இருக்கிற கட்சால் தீவில் பிறந்தவர். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து, கட்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். இருபது வயதில் அங்கே ஒரு படகு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்திருக்கிறார். மேட்டில் ஆபீஸ். அதில் ஒரு வயர்லெஸ் செட். தினமும் படகுகளோடு பேசுவது அவர்தான். கிறிஸ்துமசை ஒட்டி லீவு விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. கிறிஸ்துமசுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நிலம் நடுங்கி, கடல் உள்ளே வந்தது. அவர் மேட்டுக்கு ஓடிப் போய் செட்டைப் போட்டிருக்கிறார். எந்தச் சேனலுக்குத் திருப்ப வேண்டும் என்று நினைவு வரவில்லை.

“தெனமும் திருப்புன குமிழ் தம்பி. கண்ண மூடிக்கிட்டுத் திருப்புவேன். பத்து நாள் லீவு. வெரல் போகல.”

யார் யாரை இழந்தார் என்று அவர் சொல்லவில்லை. அந்தக் குமிழைப் பற்றி மட்டும் சொன்னார். அது லீவால் மறந்தது இல்லை அக்கா, பயத்தில் மறந்தது, அந்த நேரத்தில் யாருக்கும் மறக்கும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

இனி என் கள்ளத்தனத்தைச் சொல்ல வேண்டும். அக்கா எந்தப் போனிலிருந்து பேசினாலும் அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்துதான் பேசுவார். அந்த ஹால் ஃபேனில் ஏதோ ஒன்று லூசாகி, சுற்றுக்கு ஒரு தரம் டக் என்று அடிக்கும். இரண்டாவது வருஷமே அதைக் கண்டுபிடித்துவிட்டேன். எடுத்ததும் காதைத் தீட்டுவேன். டக்… டக் என்று கேட்டதா, சரி, நாடகம். அப்புறம் பதற்றமே இருக்காது. குழம்பைக் கிளறிக்கொண்டே, தேன் தடவின குரலில் ஒப்பித்துவிடுவேன். மார்க் ஒன்பதுக்குக் குறையாது. சுக்லா ஐந்தும் ஆறும் வாங்கி அழுவாள். அவளுக்கு நான் ஃபேன் ரகசியத்தைச் சொல்லவில்லை.

இப்படியே ஏழெட்டு வருஷம் ஓடியது. அந்த வருஷம் ஷட்டரைப் பூட்டிய அன்று அக்கா ஒரு புது ஏற்பாட்டைச் சொன்னார்.

“ஆபீஸ் நம்பரு இந்த மாசம் எங்கிட்டதான் வரும். நெசமான கஸ்டமரு யாராவது கூப்பிட்டா, அன்னைக்கு யாரு டூட்டியோ அவங்களக் கூப்பிட்டு லைன்ல சேத்து வுட்ருவேன். நானும் லைன்லதான் இருப்பேன், ஆனா வாயத் தெறக்க மாட்டேன். நடுவுல நான் பேசுனா அவங்க கொழம்பிப் போவாங்க. நீங்கதான் பாத்துக்கணும். திங்கக்கெழம, பொதங்கெழம, வெள்ளிக்கெழம தம்பி டூட்டி. வெளங்குச்சா?”

சுக்லா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். அந்த நேரத்தில் எதிர்ச் சாரியில் ஒரு மீன்காரர் சூரை மீனைக் கூடையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என் கண் அதில் இருந்தது. அக்கா சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மூன்று வாரத்தில் ஒரு நிஜ அழைப்பும் வரவில்லை. சொன்னதே மறந்து போயிற்று.

அது ஒரு புதன்கிழமை. இரண்டு நாளாக விடாத மழை. காலை ஒன்பதேகால் இருக்கும். திரையில் அக்கா நம்பர். எடுத்து, வணக்கம் சொல்லி, ஆபீஸ் பெயரைச் சொன்னேன். இரண்டு நொடி மௌனம். டக்… டக். பிறகு ஒரு பெண் குரல்.

“ஹலோங்க… டிராவல்ஸ்ங்களா? நான் நீல்ல இருந்து பேசறனுங்க. எங்க வீட்டுக்காரருக்கு வாய் ஒரு பக்கமாக் கோணுதுங்க. சோத்தாங்கையத் தூக்க மாட்டேங்கறாருங்க. இங்க ரூம்ல ஒருத்தருமே இல்லீங்க. போட்டும் இன்னிக்கு வராதுன்னு நேத்தே சொன்னாங்க.”

கோயம்புத்தூர் அம்மா, இந்தத் தடவை அழுகையையும் சேர்த்திருக்கிறார் என்று நினைத்தேன். நன்றாகச் செய்கிறார் என்றுகூட நினைத்தேன். அதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

“அம்மா, பதறாதீங்க. நான் இருக்கேன்ல. எங்க தங்கியிருக்கீங்க, அத மட்டும் சொல்லுங்க.”

அவர் சொன்னார். கடற்கரைக்குப் பக்கத்தில், ஊரிலிருந்து தள்ளி இருக்கும் காட்டேஜ்.

“சரிம்மா. பத்து நிமிஷத்துல வண்டி உங்க வாசல்ல நிக்கும். டாக்டர்ட்ட நான் பேசிடறேன். அரை மணி நேரத்துல நானே திரும்பக் கூப்பிடுறேன். நீங்க அவரு கையப் புடிச்சுக்கிட்டு பக்கத்துலயே இருங்க. எங்கயும் போகாதீங்க.”

“சரிங்க… வண்டி வந்துருமுங்களா?”

“வந்துரும்மா. நான் சொல்றேன்ல.”

வைத்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் என் மனைவிக்கும் கேட்டது. யாரு என்றாள்.

“அக்காதான். இன்னைக்குப் பக்கவாதமாம்.”

“பாவம், நெசமாட்டமே இருந்துச்சு,” என்றாள் அவள். நான் பல்லிக்குப் பக்கவாதம் எவ்வளவோ தேவலை என்று சொல்லிவிட்டு, மீன் கழுவப் போனேன்.

அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பது பிறகு தெரிந்தது. லைனில் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, என் பதிலில் மனம் நிறைந்து போயிருக்கிறார். வண்டி, டாக்டர், திரும்ப அழைப்பது, எல்லாவற்றையும் சரியான வரிசையில் சொல்லிவிட்டான், இனி நடுவில் புகுந்து கெடுக்கக் கூடாது என்று போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். அவர் போட்ட விதி அது. அவரே அதை மீறவில்லை. நீலில் அந்தம்மா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்திருக்கிறார். இங்கே நான் மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மறுபடி அக்கா நம்பர். இந்த முறை அவர் சொந்தக் குரல்.

“தம்பி, வண்டி இன்னும் வரலன்னு அந்தம்மா திரும்பக் கூப்புடுறாங்க. யாருக்குச் சொன்ன?”

இதுவும் சோதனைதான், சொந்தக் குரலில் ஒரு புதுத் தினுசு என்று எனக்குத் தோன்றியது.

“வந்துட்டே இருக்கு மேடம்,” என்று சிரித்தேன். “பத்துக்கு எவ்ளோ போட்டீங்க? ஒம்போதாவது போடுங்கக்கா.”

அந்தப் பக்கம் ஃபேன் மட்டும் டக்… டக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

“தம்பி,” என்றார். “அது நெசம்.”

என் கையில் மஞ்சள். ஷட்டரைப் பூட்டின அன்று அவர் சொன்னது அத்தனையும், மீன்காரரின் கூடை உட்பட, அப்போதுதான் மண்டையில் ஏறியது. லீவுக்கு முன்னால் ஈரோட்டிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கூட்டமில்லாத கடலைப் பார்க்க வேண்டும், ஒரு மாதம் நீலில் இருக்கப் போகிறோம் என்றார்கள். டிக்கெட் போட்டுக் கொடுத்தவனே நான்தான்.

“வீட்டுக்கு வா. எனக்கு இன்னொரு போனு வேணும்,” என்று வைத்துவிட்டார். திட்டவில்லை. 

அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. ஸ்கூட்டர் சாவியைத் தேடாமல், போனை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினேன். கதவு திறந்தே கிடந்தது. ஹாலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். ஆபீஸ் சேலை, வாட்ச். தரையெல்லாம் காலண்டர் தாள்கள், நம்பர் நம்பராக. என்னைப் பார்த்ததும் தன் போனை என் கையில் திணித்து, என் போனை வாங்கிக்கொண்டார்.

“அந்தம்மா லைன்ல இருக்காங்க. பேசிக்கிட்டே இரு. வுட்றாத.”

காதில் வைத்தேன். “வண்டி வருதுங்களா?” என்று கேட்டார் அந்தம்மா. அதே கேள்வி, அதே குரல்.  பாதிக் கவலையைப் போக்குகிற என் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. “வருதும்மா… வரும்… மன்னிச்சுக்கங்க,” என்று என்னென்னவோ உளறினேன். என் குரல் உடைந்ததைக் கேட்டு அவர் பயந்து அழ ஆரம்பித்தார். அக்கா என்னை முறைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, அவர் மூச்சு விடுறாரா, கண்ணைத் திறந்திருக்காரா, தண்ணி எதுவும் குடுத்துடாதீங்க என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன், சொன்னேன்.

அக்கா என் போனில் நம்பர் அடித்தார். அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.  ஆனால் விரல் நிற்கவில்லை. எந்தத் தாளையும் பார்க்காமல் அடித்தது. நீலில் பிஸ்வாஸ் என்று ஒரு காய்கறி விவசாயி, ஜெட்டிக்குக் காய் ஏற்றிப் போகிற வேன் வைத்திருப்பவர். பெங்காலியில் நாலே வாக்கியம். வேனில் மெத்தை ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பச் சொல்கிறார் என்பது எனக்கே புரிந்தது. அடுத்து நீல் ஆஸ்பத்திரி. இந்தியில் டாக்டரிடம் நோயாளியின் வயதைச் சொன்னார், கை தூக்க முடியாததைச் சொன்னார். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று அங்கே கேட்டார்கள் போல. அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். “ஒன்பதேகாலுக்கு முன்னால்,” என்றார். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார்.

“ஹேவ்லாக்ல ஒரு பேஷண்ட ஏத்த ஹெலிகாப்டர் வருதாம்,” என்று போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் சொன்னார். “பத்தரைக்குள்ள இவர ஹெலிபேடுக்குக் கொண்டாந்தா நீல்லயும் எறக்குவாங்களாம். அப்பறம் மேகம் மூடிரும். இன்னைக்கு வேற பறக்காது.”

மணி பத்து ஐந்து.

பத்து பன்னிரண்டுக்கு என் காதிலிருந்த போனில் ஹாரன் சத்தம் கேட்டது. பிஸ்வாஸ் வந்துவிட்டார். ஆள்கள் பேசுகிற சத்தம், கதவுச் சத்தம், மழை. அந்தம்மா போனை வைக்காமலே ஓடியிருக்கிறார். பத்து இருபதுக்கு ஆஸ்பத்திரி. டாக்டர் வேனுக்குள்ளேயே ஏறிப் பார்த்துச் சீட்டு எழுதினாராம். பத்து முப்பதுக்கு அவர்கள் இன்னும் வழியில். பத்து முப்பத்திரண்டு. அக்கா உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை. பத்து முப்பத்தாறுக்குப் போனில் ஒரு பெரிய இரைச்சல் வந்தது. அதில் அந்தம்மாவின் குரல் அமுங்கிப் போயிற்று. பிறகு பிஸ்வாஸ் வந்து ஒரே வார்த்தை சொன்னார். ஏற்றிவிட்டார்கள்.

அக்கா அப்படியே தரையில், காலண்டர் தாள்கள் மேலேயே உட்கார்ந்தார். வலது கையைத் தூக்கி, அது யாரோ ஒருத்தர் கை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெரல் தன்னால எடத்துக்குப் போச்சு தம்பி,” என்றார். முகம் மலர்ந்திருந்தது. “இந்தத் தடவ வெரல் போச்சு.”

அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் யார், என்ன செய்தேன் என்பது அவருக்கு மெதுவாக நினைவுக்கு வருவதைப் பார்த்தேன். அந்த மலர்ச்சி போய்விட்டது.

“உன்ன மட்டும் சொல்லி என்னா. பேசக் கத்துக் குடுத்தேன், மார்க்கு போட்டேன். பேசுனதச் செஞ்சியான்னு ஒரு நாளும் கேட்டதில்ல,” என்றார்.

அந்தம்மாவின் கணவர் பிழைத்துக்கொண்டார். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து மெயின்லேண்டுக்கு அனுப்பினார்கள். வாய் நேரானது. வலது கை சரியாகவில்லை. அந்த அரை மணி நேரம் இருந்திருந்தால் கை பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

வியாழக்கிழமை காலை இட்லி எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் குரலைக் கேட்டதும் அந்தம்மா எழுந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கதானுங்களா அது. உங்க குரலக் கேட்டப்பறந்தானுங்க எனக்கு உசிரே வந்துது,” என்றார். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நடந்ததைச் சொல்வது என் டூட்டி.

சொன்னேன். பயிற்சி, மார்க், ஃபேன், மீன் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தம்மா என் கையை விடாமலே கேட்டார். முடித்த பிறகுதான் விட்டார்.

“எதுத்தாப்புல தோட்டத்துல ஆளுங்க இருந்தாங்க,” என்றார் மெதுவாக. “ஓடிப் போயி அவங்களக் கூப்புடலாம்னு எந்திரிச்சனுங்க. நீங்க எங்கயும் போகாதீங்கன்னு சொன்னீங்க. அவ்வளவு நம்பிக்கையாச் சொன்னீங்க. அதான் உக்காந்துட்டனுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். இட்லியை வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த லீவில் அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து அழைப்பே வரவில்லை. ஒன்பதிலிருந்து ஒன்று வரை போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பல்லியாவது வரக் கூடாதா என்று இருக்கும். ஆகஸ்டில் ஷட்டரைத் திறந்த அன்று மார்க் வாசிக்கவில்லை. நீள நோட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் புதன்கிழமைக்கு நேரே என் பெயரில் பத்து என்று எழுதியிருந்தது. நான் வாங்கிய ஒரே பத்து. போனை வைத்த கையோடு, ஒன்பது இருபதுக்கே, அவர் சந்தோஷமாகப் போட்ட மார்க் அது. அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, மகளைத் திருச்சியில் ஒன்பதாவது சேர்க்கப் போகிறேன் என்று ஆபீசை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார். போன் நம்பரையும் மாற்றிவிட்டார். சுக்லா இன்னும் கவுண்டரில் இருக்கிறாள். ஃபேன் ரகசியத்தை அவளிடம் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் பேசவில்லை.

இப்போதும் ஜூலையில் மூடுகிறோம். ஒவ்வொரு ஜூலையிலும், ஏதோ ஒரு காலையில், தெரியாத நம்பரிலிருந்து ஓர் அழைப்பு வரும். போன வருஷம் ஒரு வயதான இந்திக்காரர். சௌல்தாரி கிராமத்தில் இன்ன இடத்தில் நிற்கிறேன், மனைவிக்கு முடியவில்லை, உடனே வண்டி வேண்டும் என்றார். பின்னால் ஃபேன் சத்தம் எதுவும் கேட்கவில்லை. வைத்த கையோடு டிரைவர் ராவை எழுப்பி அனுப்பினேன். முக்கால் மணி நேரம் கழித்து ராவ் அங்கிருந்து கூப்பிட்டார். அவர் தெலுங்கர், என்னிடம் இந்தியில்தான் பேசுவார்.

“கோயி நஹி ஹை, சார். இங்க யாருமே இல்ல. போன வருஷமும் இப்படித்தான் அலைய விட்டீங்க.”

“அக்கம்பக்கத்துல நல்லா விசாரிச்சியா?”

“நாலு வீட்டுல கேட்டுட்டேன் சார்.”

“இன்னும் பத்து நிமிஷம் நின்னு பாரு. அப்பறம் வா,” என்றேன்.

ராவ் முணுமுணுத்துக்கொண்டே நின்றார். வண்டி காலியாகத் திரும்பி வந்தது. அந்த நம்பருக்குத் திரும்ப அழைத்து, “அக்கா, நீங்கதானே?” என்று நான் கேட்கவில்லை. நோட்டை எடுத்து, அன்றைய தேதி போட்டு, வண்டி போன நேரத்தையும் வந்த நேரத்தையும் எழுதிவைத்தேன். மார்க் போடுகிற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.